சில்லு எல்லப்பனின் காயங்கள்

எண்ணூருக்கு வடக்கே, அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவில், பெயரில் மட்டும் பனைமரம் மிச்சமிருக்கிற ஏழுபனைக்குப்பத்தில், எட்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பாட்டுக்காரன் சில்லு எல்லப்பனின் நெற்றிக் காயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இட்லிக்கடை லோகாம்பாளின் நெற்றிக்கு இடம் மாறியது. லோகாம்பாள் அலறவில்லை. முந்தானையால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ வலிச்சிருக்கா அந்தப் புள்ளைக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்து மத்தியானத்துக்கு மீன்குழம்பு கூட்டி வைத்தாள்.

எல்லப்பன் யாரென்று குப்பத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன், ஏதோ ஒரு நாட்டுக் கப்பலின் சமையல்காரன் கொடுத்த கேசட்டைக் கேட்டுவிட்டு மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் படுத்துக் கிடந்து, நாலாம் நாள் எழுந்து கத்த ஆரம்பித்தான். நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பங்க் ராக் என்றார்கள், குப்பத்தில் அதைக் கத்தல் என்றார்கள், போலீஸ் ஸ்டேஷனில் அதைப் பொது அமைதிக்குப் பங்கம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு கிடார், ஒரு டிரம், மேடை ஓரத்தில் ஒரு பெட்டி சோடா, இவ்வளவுதான் அவன் கச்சேரி. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஒரு பாட்டில் அவன் நெற்றியில் உடைந்திருக்கும், மூன்றாவது பாட்டை அந்தச் சில்லுகள் மேல் புரண்டுகொண்டே பாடுவான், நாலாவது பாட்டுக்குள் போலீஸ் வந்துவிடும். வந்த கூட்டம் பாட்டைக் கேட்க வரவில்லை, "ஒடை, ஒடை" என்று கத்த வந்தது. முப்பத்தொரு வயதில், ராயபுரத்தில் ஒரு காலிக் கிடங்கில், கையில் உடைந்த பாட்டிலோடு ஸ்பீக்கர் பெட்டி மேலிருந்து குதித்தவன் இடது காதுக்குக் கீழே கிழித்துக்கொண்டு விழுந்தான், எழுந்திருக்கவில்லை. தெரிந்து செய்தானா, கால் இடறியதா என்பது யாருக்கும் தெரியாது.

அவனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத்தான் சுடர்க்கொடி கேமராவும் லேப்டாப்பும் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கு வந்தாள். முப்பது வயதைத் தாண்டிய பெண், திருச்சிப் பக்கம். கச்சேரிகளில் யார் யாரோ பிடித்து வைத்திருந்த வீடியோக்களையெல்லாம் ஐந்து வருஷம் அலைந்து சேர்த்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது எல்லப்பனின் அக்கா பச்சையம்மாளின் பேட்டி. பச்சையம்மாளோ மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பியப் பத்திப் பேசறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு, வஞ்சிரம் வோணுமா சொல்லு" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட்டு லோகாம்பாள்தான் தன் கடை பெஞ்சில் உட்காரவைத்து, "எங்க, எனக்குக் காட்டு பாக்கலாம்" என்றாள். காட்டியது நெற்றியில் பாட்டில் உடைக்கும் வீடியோ. லோகாம்பாள் கண்ணை மூடாமல் முழுசாகப் பார்த்தாள். பார்த்து முடித்தபோது காயம் அவளிடம் இருந்தது, திரையில் எல்லப்பனின் நெற்றி அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் நெற்றி மாதிரி சுத்தமாக இருந்தது.

பச்சையம்மாளுக்கு நிஜமாகவே பேச ஒன்றும் இல்லையா என்றால், ஒன்றே ஒன்று இருந்தது, அதைத்தான் அவள் எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். கடைசி நாள் மத்தியானம், முந்தின நாள் கச்சேரியின் ரத்தம் முகத்தில் காய்ந்திருக்க, எல்லப்பன் வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தான். பச்சையம்மாள் சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், "மூஞ்சியக் கழுவிக்கினு வா, அப்பறம் போடறேன்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். குழாயடி வரைக்கும் போனான், குழாயைத் தாண்டியும் போனான், ரோட்டில் அவனுக்காக நின்ற வேனில் ஏறினான். உடம்பு வந்தபோது முகத்தைத் திறக்க அவள் விடவில்லை. கழுவாத முகத்தைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. பசியோடு அனுப்பிவிட்டோம் என்ற ஒன்றுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

லோகாம்பாளின் தையலைப் பார்த்துக் குப்பம் கொஞ்சம் யோசித்தது, அதிகம் யோசிக்கவில்லை. கடலோரத்தில் விசித்திரங்கள் வரும், வந்தால் இடம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் வலை பின்னும் கொட்டகையில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை போட்டு, எல்லப்பனின் காயங்களை வரிசையாக இறக்கி வைக்கத் தொடங்கினார்கள். ஒருவர் பார்த்தால் ஒரு காயம், முதலில் பார்க்கிறவருக்கு, அதே இடத்தில், அதே அளவில். குறைத்துக் கேட்க முடியாது. சின்ன வயசில் அவனைப் பிரம்பால் அடித்த வாத்தியார் உள்ளங்கைக் கீறலை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் இடது கையால் சாப்பிட்டார். அவனுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்தவன் சிகரெட் சூடு ஏழையும் ஏழு தடவை உட்கார்ந்து வாங்கினான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றார். அவர் எந்த வீடியோவைக் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும், விலகி வழி விட்டார்கள். உடைந்த விலா எலும்போடு அவர் திரும்பிப் போகும்போது லோகாம்பாள் பஸ் ஸ்டாண்டு வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட, "உங்க வூட்ல எந்தக் காயம் எடுத்தீங்க" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள், முழங்கை வீட்டுக்காரர்களுக்கும் முதுகு வீட்டுக்காரர்களுக்கும் அதில் கொஞ்சம் போட்டியும் இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ், பஞ்சு தீர்ந்துபோனதும் தானே ஒரு முழங்காலை எடுத்துக்கொண்டு லீவு போட்டாள்.

சுடர்க்கொடிதான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தை வாங்குவதாகச் சொன்ன டெல்லிக்காரர்கள் போனில், "ரத்தம் எங்கே போச்சு, அதுக்காகத்தானே படம்" என்று கேட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டாள். நகரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் தடவை பார்த்தபோது இடம் மாறாத காயம் இங்கே ஏன் மாறுகிறது என்று அவள் லோகாம்பாளைக் கேட்டாள்.

"அங்க அவன யாரு பாத்தது" என்றாள் லோகாம்பாள், தையலைச் சொறிந்துகொண்டே. "பாட்டிலத் தான பாத்தாங்க."

சுடர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். கல்லூரியில் படிக்கும்போது முதல் வரிசையில் நின்று "ஒடை" என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் அவளும் ஒருத்தி.

காயங்கள் குறையக் குறைய இன்னொன்று நடந்தது. ரத்தம் இருந்தவரைக்கும் கண்தான் வேலை செய்தது, ரத்தம் போனதும் காது திறந்துகொண்டது. கத்தல் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்ததில் வார்த்தைகள் இருந்தன. சாம்பல் விழுந்த இறால் குஞ்சுகளைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது, குழாயில் தண்ணீர் வராத நாட்களின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிற பாட்டு ஒன்று இருந்தது, வாடைக்காற்றையும் கச்சான் காற்றையும் கூப்பிட்டுச் சண்டைக்கு இழுக்கிற பாட்டு ஒன்று இருந்தது. ஒருநாள் காலை, கொட்டகைக்குப் பின்னால் கூடை கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மாளின் காதில், கிடார் சத்தத்துக்கு நடுவில், "சங்கரா, வவ்வாலு, நெத்திலி, உயிரோட நெத்திலி" என்று அவளே தெருத்தெருவாகக் கூவுகிற கூவல், அவளே இழுக்கிற இழுப்போடு, தம்பியின் குரலில் வந்து விழுந்தது. பதின்மூன்று வருஷம் அவன் மேடையில் பாடியது தன் கூவலைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்றைக்கே சுடர்க்கொடியிடம் போனாள்.

"இன்னும் எத்தினி பாக்கி இருக்குது?"

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா."

"காதாண்ட இருக்கறது."

"ஆமா."

"அத எனக்குக் காட்டு."

சுடர்க்கொடி லேப்டாப்பை மூடி மடியில் அணைத்துக்கொண்டாள். "அது உயிர் போன காயம்க்கா. பார்த்தா நீங்க இருக்க மாட்டீங்க. நான் அழிச்சிடறேன்."

"அழிக்காத. எட்டு வருஷமா அவன் மூஞ்சியக் கழுவிக்கினு வருவான்னு குந்திக்கினு கீறேன். ஒரு காயத்தோட எப்பிடி வருவான்?"

குப்பம் கூடியது. நீரிழிவில் ஒரு காலை இழந்த கிழவர், தான் எப்படியும் போகிறவன்தானே, தானே பார்த்துவிடுகிறேன் என்றார். பச்சையம்மாள் அவரைத் திட்டி உட்காரவைத்தாள். பஞ்சாயத்து நாட்டார் கஜேந்திரன், குப்பத்தின் எல்லாச் சண்டைகளையும் முடித்து வைக்கிறவர், இதற்கு முடிவு சொல்லத் தெரியாமல், வெள்ளிக்கிழமை வரைக்கும் கொட்டகையைப் பூட்டச் சொல்லிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பூட்டை உடைக்கக் கல் எங்கே இருக்கிறது என்று பச்சையம்மாள் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை கரைவலை இழுத்தார்கள். படகில் போய் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பதுதான் கரைவலை. சுடர்க்கொடி அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈரக் கயிறு நகர்ந்து நகர்ந்து கேமராவின் காலில் சிக்கப் பார்த்தது, குனிந்து அதை ஒரு முழம் தூக்கி அப்பால் போட்டாள், அவ்வளவுதான் செய்தாள். வலை கரையேறியதும் மீனைக் குவியல் குவியலாகப் பங்கு வைத்தார்கள், ஒரு குவியலை அவள் காலடியில் கொண்டு வந்து வைத்தார்கள்.

"எனக்கு எதுக்குங்க, நான் இழுக்கவே இல்ல. வழியில கெடந்துச்சு, தொட்டேன்."

"தொட்டுட்டீங்கல்ல" என்றார் கஜேந்திரன். "கயித்தத் தொட்டா பங்குதாம்மா. தெரிஞ்சு தொட்டாலும் சரி, தெரியாம தொட்டாலும் சரி. இங்க அதான் வழக்கம்." பிறகு எப்போதும்போல ஒரு சின்னக் குவியலைத் தனியே ஒதுக்கி வைத்தார். அது வராதவன் பங்கு. கயிறு பிடிக்க வேண்டியவன் காய்ச்சலில் படுத்திருந்தாலும், ஜெயிலில் இருந்தாலும், எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டாலும் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போகும்.

மீன் எடுக்க வந்த பச்சையம்மாள் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுடர்க்கொடியின் காலடியில் துள்ளுகிற நெத்திலியைப் பார்த்தாள். மணலில் நீளமாகக் கிடக்கிற கயிற்றைப் பார்த்தாள்.

"நாட்டாரே" என்றாள். "நாளைக்கு நான் அந்தப் படத்தப் பாக்கும்போது இந்தக் கயித்தப் புடிச்சிக்கினு பாக்கறேன். அந்தாண்ட முனைய நீங்கள்லாம் புடிச்சிக்கோங்க."

கஜேந்திரன் குனிந்து கயிற்றை எடுத்து முறுக்கிப் பார்த்தார். "மீனுக்குச் சரி பச்சே. காயத்துக்கு இந்தச் சட்டம் செல்லுமா?"

"தெரியல."

"செல்லலன்னா நீ போயிடுவ."

"போவேன்."

"செல்லுச்சு, ஆனா ஆளு பத்தலன்னா?"

"அப்ப எல்லாருக்கும் கஷ்டம். அதனால நெறைய பேரு வரணும்."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது குப்பமே கடற்கரையில் நின்றது. நெற்றித் தழும்போடு லோகாம்பாள், விலாவைப் பிடித்துக்கொண்டு ஏட்டு, கை ஆறிய வாத்தியார், ஒற்றைக் காலோடு கிழவர், பக்கத்துக் குப்பத்திலிருந்து பழைய பகையை அன்றைக்கு மட்டும் ஒத்தி வைத்துவிட்டு வந்த அறுபது பேர். சுடர்க்கொடி போன் போட்டு அழைத்ததில் நகரத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களும் வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் "ஒடை" என்று கத்திய பிள்ளைகள், இப்போது தொப்பை விழுந்து, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, மணலில் ஷூ புதைய நின்றார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, இடம் விட்டு நிறுத்தினார்கள். கொட்டகைக்குள் தொடங்கிய கயிறு வாசல் வழியாக வெளியே வந்து, கோயிலைத் தாண்டி, உலர்த்திய வலைகளைத் தாண்டி, முகத்துவாரத்துக் கருங்கல் வரைக்கும் போனது. அதில் கை வைக்க இடமில்லாமல் சிலர் கயிறு பிடித்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், அதுவும் தொட்டதுதான் என்று கஜேந்திரன் தீர்ப்புச் சொன்னார்.

உள்ளே பச்சையம்மாளும் சுடர்க்கொடியும் மட்டும். சுடர்க்கொடி வீடியோவை ஓடவிட்டுத் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அவளும் கயிற்றைப் பிடித்தாள். பச்சையம்மாள் பார்த்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு, முதல் முறையாக, கண்ணை அகல வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். என்னமாய் மெலிந்திருந்தான். அம்மாவின் மூக்கு அவனுக்கு. அவன் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறினான், கூட்டம் கத்தியது, கையில் பாட்டில் பளபளத்தது. பச்சையம்மாள் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் குதித்தான்.

கயிறு ஒரு தரம் அதிர்ந்தது, பெரிய மீன் விழுந்த வலை அதிர்கிற மாதிரி. கொட்டகையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் நானூறு பேர், ஒருவர் பின் ஒருவராக, இடது காதுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தார்கள். சவரம் செய்யும்போது படுகிற அளவுக்கு ஒரு கீறல், ஒரு சொட்டு ரத்தம். ஏட்டு அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு துண்டாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார். தோளைப் பிடித்தவர்களுக்கும் கீறல் இருந்தது. பச்சையம்மாளுக்கும் அதே அளவுதான், ஒரு நூல் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

திரையில் எல்லப்பன் இரண்டு காலில் ஊன்றி நின்றான். காதுக்குக் கீழே விரலை வைத்து எடுத்துப் பார்த்தான், அவனுக்கும் ஒரு சொட்டு இருந்தது, வராதவன் பங்கு. அதைப் பார்த்துச் சிரித்தான். பாட்டிலைக் கீழே வைத்தான், வைத்தான் என்றால் யார் காலிலும் குத்தாத மாதிரி ஓரமாகச் சாய்த்து வைத்தான். பெட்டியிலிருந்து இன்னொரு சோடாவை எடுத்து, கோலியைத் தட்டி உள்ளே இறக்கி, மேடை விளிம்பில் குனிந்து நின்று அந்த சோடாவால் முகத்தைக் கழுவினான். நிதானமாகக் கழுவினான், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், சின்ன வயசில் அக்கா தேய்த்துவிடுகிற இடங்களிலெல்லாம். சட்டையைத் தூக்கித் துடைத்துக்கொண்டான். நிமிர்ந்து நேராகப் பார்த்தான்.

"யக்கா, கழுவிட்டேன்" என்றான்.

பிறகு மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நடந்து, கிடங்கின் கதவைத் திறந்து வெளியே போனான். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வீடியோ அதற்குப் பிறகும் பதினோரு நிமிஷம் ஓடியது, அதில் காலி மேடையும் திறந்த கதவும் மட்டும்தான்.

சுடர்க்கொடி திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஆளில்லை. பச்சையம்மாள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் வேகவேகமாக வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று வரிசையாகக் கேட்டார்கள். அவள் நிற்கவில்லை.

"பேச நேரமில்ல" என்றாள். "ராயபுரத்துலேந்து நடந்து வரதுக்கு அவனுக்கு எவ்ளோ நேரம் ஆவும் சொல்லு. ஒல வெச்சிட்டு, ரெண்டு நெத்திலிய வறுத்துடறேன்."

கஜேந்திரன் எல்லோரையும் பார்த்து, கயிற்றை இப்போதைக்கு விட வேண்டாம் என்று சைகை காட்டினார். அவர்கள் பிடித்தபடியே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சையம்மாளின் வீட்டுக் கூரைமேல் புகை எழுந்தது, குழாயடியைப் பார்த்த அவளுடைய கதவு இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்திருந்தது.